கல்லீரல் கொழுப்பும் இதய நலமும்

(தோட்டப் பாட்டாளிகளிடையே ஆற்றிய உரை)



விடியுமுன் பெரட்டுக்கு வந்து, நிரை நிரையாகப் பால்மரம் வெட்டி, வாளி சுமப்பவர்கள் நீங்கள். “இவ்வளவு நடக்கின்ற எங்களுக்குக் கொழுப்பு நோயா?” என்று கேட்கக்கூடும். நடை நல்லதே. ஆயினும், நடை ஒன்றே நம்மைக் காத்துவிடாது. உழைப்பவர்க்கும் கல்லீரலில் கொழுப்புப் படிவதுண்டு.

நாம் உண்ணும் சோறும் சீனியும் உடலின் தேவைக்கு மிஞ்சினால், கல்லீரல் அவற்றைக் கொழுப்பாக மாற்றுகிறது. அதில் ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்குகிறது. மற்றொரு பகுதி இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு, நாளடைவில் இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களின் உட்சுவரில் படிந்து வழியைக் குறுக்குகிறது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடன் சேர்ந்தால் கேடு பன்மடங்காகும்.

கல்லீரலோ எளிதில் வலிப்பதில்லை. பலர்க்கு அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை. இந்நோய் உடையவர்களின் இறப்புக்கு முதற்காரணம் இதய நோயே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நாம் செய்ய வேண்டியது யாது? தேநீரில் ஊற்றும் இனிப்பு டின்பாலில் ஏறத்தாழப் பாதி சீனியே. முதலில் குறைக்க வேண்டியது அதுதான். சோற்றைச் சிறிது குறைத்து, கீரையும் காய்கறியும் மிகுதியாக உண்போம். மதுவும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும். ஆகவே சம்சுவை அறவே விலக்குவோம். புகைப்பதையும் விட்டொழிப்போம். 80 கிலோ எடையுள்ள ஒருவர் 4 கிலோ குறைத்தாலே கல்லீரலின் கொழுப்புக் குறையும். பட்டினி கிடந்து அன்று. மெல்ல மெல்லக் குறைத்தல் வேண்டும். கல்லீரலைக் கழுவும் மருந்தென்று லயத்து வாசலில் விற்பவரை நம்பிப் பணத்தை இழக்க வேண்டா.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்டே. இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு மூன்றையும் அங்கே சோதித்துக்கொள்ளலாம். 2019 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பெக்கா பி40 திட்டத்தின்கீழ், அரசாங்க உதவித்தொகை பெறும் 40 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் இலவசச் சோதனை பெறலாம். நெஞ்சு இறுகி வலித்து, வியர்த்துக் கொட்டினால், காற்றுப்பிடிப்பென்று தைலம் தேய்த்துக் காலம் கடத்தாமல் உடனே 999 எண்ணை அழையுங்கள்.

ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று தயங்க வேண்டா. பட்டை கெடுமுன் மரத்தைப் பேணுபவனே நல்ல பால்வெட்டுக்காரன். உங்கள் வீட்டு அடுப்பு எரிவது உங்கள் உழைப்பால். அந்த உழைப்புக்கு முதல் உங்கள் உடலே. அதனைப் பேணிக் காப்போமாக!