நூலகத்தை மூடும் முன்

(நூற்றாண்டு நிறைவையொட்டி அலுவிகாரையில் நடந்த ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் அலுவிகாரை, நூலைக் காப்பாற்றியதால் பேர்பெற்ற ஊர். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் பஞ்சம் வாட்டிய காலத்தில், அதுவரை மனப்பாடமாகவே வந்த திரிபிடகத்தைப் பிக்குகள் இங்கே ஓலையில் எழுதி வைத்தார்கள். 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது விகாரையின் ஏடுகள் அழிந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை.

நெருப்பு வைத்தால் உலகமே பார்க்கும். புத்தகம் வாங்கும் பணத்தைக் குறைத்தாலோ, நூலகர் பதவியை நிரப்பாமல் விட்டாலோ யார் பார்க்கிறார்கள்? இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

2010இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அதை வேறிடத்துக்கு மாற்றி, கட்டடத்தைச் சிறுவர் மருத்துவமனையாக்கப் போவதாக அரசு அறிவித்தது. வாசகர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் தப்பியது. ஆனாலும், பராமரிப்பு இல்லை என்று பின்னர் மறுபடியும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

அதே 2011இல் லண்டன் பிரென்ட் நகரசபை, செலவைக் குறைக்கவென்று தனது 12 நூலகங்களில் ஆறை மூடியது. நம் சகோதரிகள் பலர் வாழும் வெம்பிளி அந்த நகரசபைக்குள்தான் இருக்கிறது. மூடப்பட்டவற்றுள் கென்சல் ரைஸ் நூலகம், 1900இல் எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் திறந்து வைத்தது. ஊர்மக்கள் பணம் சேர்த்து வழக்காடினார்கள். வாசலில் இரவு பகலாகக் காவல் நின்றார்கள். வழக்கில் தோற்றார்கள். ஆனால் கலைந்து போகவில்லை. கென்சல் ரைஸ், பிரெஸ்டன் முதலிய இடங்களில் தொண்டர்களே பின்னர் நூலகம் நடத்தினார்கள்.

இது பெருமைக்குரியது. ஆனால் சம்பளம் பெறும், பயிற்சி பெற்ற நூலகரின் இடத்தைத் தொண்டர்கள் முழுதாக நிரப்ப முடியாது. ஆகையால் பூட்டுப் போட்ட பின் போராடுவதைவிட, பணத்தை வெட்டும் முன்பே கேள்வி கேட்பது மேல்.

நம் ஊர்களில் பொது நூலகங்களை நடத்துபவை மாநகர, நகர, பிரதேச சபைகள். அவற்றின் வரவுசெலவுத் திட்டம் ஆண்டு முடிவில் சபைக்கு வரும். அதற்கு முன்பே உங்கள் உறுப்பினரைச் சந்தியுங்கள். இவ்வாண்டு தமிழ் நூல்களுக்கு எவ்வளவு செலவு, எத்தனை பதவிகள் வெற்றிடம் என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் எழுத்தில் கேட்கலாம்.

அதைவிட எளிய வேலை ஒன்றுண்டு: நூலகத்தில் அங்கத்தவராகுங்கள், பிள்ளைகளையும் சேர்த்துவிடுங்கள். இரவல் பதிவேடு வெறுமையாக இருந்தால், வெட்டுபவர்களுக்கு அதுவே சாட்சி. வெளிநாட்டில் இருப்போர் புத்தகப் பொதி அனுப்பும் முன் எவை தேவை என்று நூலகரிடம் கேட்டு அனுப்புங்கள்.

நமக்கு வாசிக்கக் கற்றுத் தந்த பாடசாலைக்கு நூறு வயது. அதற்கு நாம் செய்யும் நன்றிக்கடன், இந்த வாரமே அவரவர் ஊர் நூலகத்துக்குள் ஒருமுறை போய் வருவதாக இருக்கட்டும்.