இதழியற் பட்டப்படிப்பும் நம் பிள்ளைகளும்

(கடலூரில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காரியதரிசி அவர்கள் எம்மைப் பேசப் பணித்தபொழுது, தமிழாசிரியராதலின் இலக்கணமோ புராணமோ பேசுவோம் என்று பலரும் கருதியிருப்பீர்கள். யாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. இதழியல், மக்கள் தகவல்தொடர்பியல் என்னும் இளநிலைப் பட்டப்படிப்பிற் சேர விரும்பும் நம் பிள்ளைகள், அதன் பாடங்களை எவ்வாறு வகுத்துக்கொண்டு படித்தல் வேண்டும் என்பதே அப்பொருள். வேறு படிப்பிற்கு இடங்கிடையாதார் செல்லும் வழி இது என்று நம்மவருட் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழை, ஆயினும் திட்டமின்றிப் படிப்பார்க்கு அது மெய்யாகிவிடும்.

இதனை யாம் பட்டறிந்தே கூறுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்படிப்பை விரும்பினார். அவர் தந்தையார் எம்மைக் கலந்தார். “பிள்ளைக்குத் தமிழ் நன்றாக வருகிறது, சேர்த்துவிடுங்கள்” என்றோம். கட்டணம் எவ்வளவு, விடுதி எத்தகையது என்பவற்றையெல்லாம் கேட்டறிந்த யாம், பாடத்திட்டத்தை மட்டும் ஒருமுறையேனும் வாங்கிப் பார்த்தோமில்லை. மூன்றாண்டு கழிந்தபின், பத்திரிகையொன்றுக்கு விண்ணப்பம் எழுத உதவி வேண்டி அவர் வந்தார். “நீ எழுதியவற்றுள் மூன்றை இதனோடு வைத்து அனுப்பு” என்றோம். அவர் தலைகவிழ்ந்து நின்றார். எளிதிற் தேறலாம் என்று விருப்பப் பாடங்களைத் தெரிந்தெடுத்திருந்தார். பயிற்சிக் காலத்தை ஒரு சான்றிதழோடு கழித்திருந்தார். பட்டம் இருந்தது; காட்டுதற்கு ஒரு பக்க எழுத்து இல்லை. அவர்மேற் குறை சொல்ல எமக்கு நா எழவில்லை. வழி கேட்டவரிடம் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லி அனுப்பியவர் யாமே அன்றோ?

நாம் கூடியிருக்கும் இக்கடலூரைப் பத்திரிகைத் தொழிலை நாடுவோர் மறத்தல் ஆகாது. 1918-ஆம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளிவந்த சுப்பிரமணிய பாரதியார் கைதுசெய்யப்பட்டு, இவ்வூர்ச் சிறையில் இருந்து, டிசம்பரில் விடுதலை பெற்றார். அவரைக் கவிஞராகப் போற்றும் நாம், அவர் பத்திரிகாசிரியராகவும் விளங்கியதை மறந்துவிடுகிறோம். 1904-இல் சுதேசமித்திரனிற் சேர்ந்து, ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்கிப் பழகிய பின்னரே, 1906-இல் தோன்றிய ‘இந்தியா’ வார இதழை நடத்தும் வன்மை பெற்றார். அக்காலத்தில் இத்தொழிலுக்கெனப் பட்டம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் மிசௌரிப் பல்கலைக்கழகம் 1908-இல் தனிப்பள்ளி கண்டது. லாகூரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941-இல் இக்கல்வியைத் தொடங்கிற்று. அதற்கு முன் அலுவலகமே பள்ளி. நாள்தோறும் எழுதுவதே பாடம். அந்த நாட்பயிற்சியைப் பட்டத்துக்குள்ளே எங்ஙனம் கொண்டுவருவது என்பதே இன்று நாம் ஆராயத்தக்கது.

முதலில், படிப்பின் அமைப்பை அறிதல் வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்பு ஆறு பருவங்களாக நடைபெறுகிறது. மொழிப்பாடமும் ஆங்கிலமும் முதலிரு பகுதிகள். முதன்மைப் பாடமும், துணைப்பாடமும், விருப்பப் பாடமும் மூன்றாம் பகுதி. திறன் வளர்ச்சி, விரிவாக்கப் பணி முதலியன ஏனைய பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் என்னும் புள்ளி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட வரைமுறைப்படி, ஒரு பருவத்தில் ஒரு கிரெடிட் என்பது வகுப்புரையாயின் 15 மணி நேரம். செய்முறையாயின் 30 மணி நேரம். ஆதலின், பாடத்தின் பெயரழகில் மயங்காது, செய்முறைக்கு எத்தனை கிரெடிட் என்று எண்ணிப் பாருங்கள்.

சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் நிறுவிய பல்கலைக்கழகம் 2013-இல் அரசின் பொறுப்பில் வந்தது. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால், கடலூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களின் கல்லூரிகள் அதனோடு இணைவு பெற வழி ஏற்பட்டது. தன்னாட்சிக் கல்லூரிகளோ பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும். நாம் சேரும் கல்லூரி எவ்வகையினது என்று கேட்டு, நடப்பாண்டுப் பாடத்திட்டத்தைச் சேருமுன்னரே பெற்றுப் படித்தல் முதற்கடமை.

முதலாண்டு மொழிக்கும் அடிப்படைக்கும் உரியது. இதழியல் மாணவர் தமிழ்ப்பாடத்தைத் தேர்ச்சிக்குரியதாக மட்டும் கருதுதல் பெரும்பிழை. குறைத்துக் கூறுதல், மிகுத்துக் கூறுதல், சொன்னதையே சொல்லுதல் முதலிய பத்தை நூற்குற்றங்களாக நன்னூற் பாயிரம் வகுத்துள்ளது. செய்திக்கும் அவை குற்றங்களே. இக்கண்கொண்டு வாரம் ஒரு பக்கம் எழுதிப் பழகுக. பேருந்து நிலையத்தையோ மீன் இறங்குதுறையையோ நேரிற் சென்று கண்டு எழுதுக. தெரிவு செய்ய இடமுண்டாயின், அரசியலறிவியல், பொருளியல், புள்ளியியல் ஆகியவற்றுள் ஒன்றைத் துணைப்பாடமாகக் கொள்க. மாநகராட்சியின் வரவு செலவைப் படிக்கத் தெரியாதவர், மேடையிற் சொல்லப்படுவதை அப்படியே எழுதுவதன்றி வேறென் செய்வார்?

இரண்டாமாண்டு செய்தி திரட்டலும், செப்பனிடுதலும், சட்டமும் பயிலும் காலம். இவற்றுக்குரிய செய்முறைக் கூடம் நம் ஊரே. மாவட்ட நீதிமன்றமும், திங்கள்தோறும் மக்கள் மனுக்கொடுக்கும் ஆட்சியர் அலுவலகமும் கடலூரில் உள்ளன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் சிற்றூர்தோறும் கிராம சபை கூடுகிறது. சென்று அமர்ந்து கேட்டு எழுதுதற்குச் செலவு ஒன்றுமில்லை. சட்டப் பாடத்திற் பழைய நூலை நம்புதல் ஆகாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதீய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1867-ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டத்தின் இடத்தில் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துள்ளது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாணவரும் ஒரு மனுவேனும் தம் கையால் எழுதிப் பழகுதல் நலம்.

மூன்றாமாண்டு, ஒரு பொருளில் ஆழ்ந்து செல்லுதற்குரியது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியதும், 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்ததும் நாம் அறிந்தவையே. அத்தகைய நாள்களில், வேற்றூர்ப் படத்தை நம்மூர்ப் படமென்றும், பழைய வெள்ளத்தைப் புதிய வெள்ளமென்றும் கைப்பேசி வழியே பரப்புவோர் உளர். எது மெய் என்று ஆராய்ந்து உரைப்பவர் ஊரில் ஒருவரேனும் இருத்தல், ஓர் உயிரைக் காப்பதாகும். ஆகவே ஆய்வேட்டுப் பொருளைத் தொலைவில் தேட வேண்டா. கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கரையூர் ஒன்றைத் தெரிந்து, பருவம் முழுவதும் தொடர்ந்து சென்று எழுதுக. பயிற்சிக்கு அலுவலகம் தெரியும்போது, சான்றிதழ் தருவார்களா என்று கேளாமல், எழுத்தைத் திருத்தித் தருவார்களா என்று கேளுங்கள்.

இறுதியாக, உவப்பில்லாத ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும். பிள்ளைகள் இத்தொழிலுக்குச் செல்லின் நம் சமூகத்தின் புகழை எழுதுவர் என்று நம்முட் சிலர் மகிழ்வதை யாம் கேட்டிருக்கின்றோம். அவ்வாறாயின் நாம் வேண்டுவது பத்திரிகாசிரியரை அன்று, கட்டியங்கூறுவோரையே. நம்மவர் செய்த தவற்றையும், நம் தெருவில் பிறர்க்கு இழைத்த அநீதியையும், கை நடுங்காது எழுதவல்லவரே அப்பட்டத்துக்கு உரியர். அன்று அப்பிள்ளையை நாம் வெறுத்து ஒதுக்குவோமா, மடியிலிருத்திப் பாராட்டுவோமா? இவ்வினாவுக்கு விடை பாடத்திட்டத்தில் இல்லை. பெற்றோராகிய நம்மிடமே உள்ளது. விடை தெளிவாயின் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். இன்றேல் ஆராய்ந்து செய்யுங்கள்.

சங்கத்தாருக்கு எம் விண்ணப்பம் இரண்டு. இப்படிப்பிற் சேர விரும்புவோர் பாடத்திட்டத்தோடு வருவாராயின், ஞாயிறுதோறும் உடனிருந்து பார்த்துத்தர யாம் சித்தமாயிருக்கின்றோம். அதற்கு ஓர் அறையை உதவுக. அன்றியும், நம் மாத வெளியீட்டில் இரண்டு பக்கங்களை மாணவர் எழுத்துக்கென ஒதுக்குக. அதில் நமக்குக் கசக்கும் உண்மை வரினும் நீக்காது அச்சிடுக. முன்னர் எம்மிடம் தலைகவிழ்ந்து நின்றவரைப் போல், இனி நம் பிள்ளை எவரும் நில்லாதிருத்தல் வேண்டும்.