பழைய நுண்ணோக்கியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுதல் வழக்கம். நாமோ இன்று ஒரு கடைச்சரக்கைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். பிள்ளைகள் பள்ளியில் மைக்ராஸ்கோப் என்று கூறும் நுண்ணோக்கியே அச்சரக்கு. இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதி, பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவர்க்கு இப்பொருள் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். உரிமை உண்டு என்பதற்கு ஒரு பெரியாரின் வாழ்வே சான்று.

ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் 1632-இல் பிறந்த ஆன்டனி வான் லேவன்ஹூக் ஒரு துணி வணிகர். பல்கலைக்கழகப் படி ஏறாதவர்; இலத்தீன் அறியாதவர். தம் கையாலேயே சிறு வில்லைகளைச் செய்தார். 1674-இல் ஊருக்கு அருகிலிருந்த ஏரி நீரை அவற்றின் வழியே நோக்கி, அதில் கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் நீந்துவதைக் கண்டார். கண்டவற்றைத் தம் தாய்மொழியிலேயே இலண்டன் இராயல் கழகத்துக்கு மடல்களாக எழுதினார். அக்கழகம் 1680-இல் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அவருடைய கருவிகளில் எஞ்சியுள்ளவற்றுள் சிறந்தது, ஒரு பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டவல்லது. இந்த எண்ணை அன்பர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். விற்பவர் ‘1200 மடங்கு’ என்று முழங்கும்போது இது நமக்குத் துணை நிற்கும்.

இப்பேச்சின் தேவை யாது? நம் குடியிருப்பில் ஒரு சிறுமிக்குப் பிறந்த நாள் பரிசாகப் புத்தம் புதிய நுண்ணோக்கி ஒன்று வந்தது. பெட்டியின்மேல் 1200 மடங்கு என்று அச்சிட்டிருந்தது. வில்லைகளோ பிளாஸ்டிக். குழந்தை ஈயின் சிறகை வைத்துப் பார்த்தாள். மங்கிய வட்டமும் தன் இமைமயிரின் நிழலுமே தெரிந்தன. மூன்று நாள் முயன்றபின், “எனக்கு இதெல்லாம் வராது” என்று சொல்லிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள். பழுது கருவியில், பழி குழந்தையின்மேல்! பணம் போனால் அடுத்த மாதச் சம்பளத்தில் ஈடு செய்யலாம். ‘எனக்கு வராது’ என்ற எண்ணம் வேரூன்றினால் அதனை எவ்வாறு ஈடு செய்வது? ஆதலின், நல்ல நிலையிலுள்ள பழைய கருவி, விளையாட்டுப் பொருளான புதிய கருவியினும் மேலானது என்பதே நம் கருத்து.

வாங்கச் செல்லுமுன் வீட்டிலேயே ஒரு வினாவுக்கு விடை காண வேண்டும். பிள்ளை எதனைப் பார்க்க விரும்புகிறது? எறும்பு, பூ, இறகு, கல் முதலியவற்றை முழுதாகப் பார்க்க விரும்பினால், இருகண்ணாலும் நோக்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கியே ஏற்றது. 10 முதல் 40 மடங்கு வரை பெருக்கினால் அதற்குப் போதும். குளத்து நீரின் உயிர்களையும் வெங்காயத் தோலின் உயிரணுக்களையும் காண விரும்பினால், அடியிலிருந்து ஒளி ஏறிவரும் கூட்டு நுண்ணோக்கி வேண்டும். இவ்விரண்டின் வேலையையும் ஒன்றே செய்யும் என்று எவரேனும் சொன்னால் நம்பற்க. இனி நாம் சொல்வன கூட்டு நுண்ணோக்கிக்கு உரியவை.

பெருக்கம் வேறு, தெளிவு வேறு. செய்தித்தாளில் வந்த படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளிகள் பெரிதாகுமே அன்றி முகம் தெளிவாகாது. எவ்வளவு நுண்மை வரை ஒரு வில்லை பிரித்துக் காட்டும் என்பதற்கு இயற்கை ஓர் எல்லை வகுத்துள்ளது. செருமனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே என்னும் அறிஞர் 1873-இல் இதனை விளக்கினார். பொருளருகு வில்லையின் பக்கத்தில் 10/0.25 என்றோ 40/0.65 என்றோ பொறித்திருக்கும். முதல் எண் பெருக்கம். இரண்டாவது எண், அவ்வில்லை எவ்வளவு விரிந்த ஒளிக்கூம்பை வாங்கிக்கொள்ளும் என்பதைக் காட்டுவது. இந்த இரண்டாவது எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் கிடைப்பதே பயன்தரும் பெருக்கத்தின் உச்சி. 0.65 உடைய வில்லைக்கு அது 650 மடங்கு. அதற்கு மேல் பெருக்குவது வெறும் வீக்கமே. இரண்டாவது எண் பொறிக்கப்படாத வில்லையை ஐயத்தோடு நோக்குக. 4, 10, 40 என்னும் மூன்று வில்லைகளும் 10 மடங்குக் கண்ணருகு வில்லை ஒன்றும் இருந்தால் 400 மடங்கு வரை காணலாம். இயற்கையைப் பயில்வோர்க்கு அது பல்லாண்டுக்குப் போதும். 100 மடங்கு வில்லைக்கு எண்ணெய்த்துளி இட வேண்டும். அஃது இல்லையென்று ஒரு நல்ல கருவியைத் தள்ள வேண்டா.

இனிச் சோதிக்கும் முறை. சட்டைப்பையில் ஒரு கைவிளக்கும், கண்ணாடிச் சில்லில் ஒட்டிய ஈச்சிறகும் கொண்டு செல்க. படத்தை மட்டும் பார்த்து வாங்கற்க.

முதலில் பெருந்திருகைச் சுழற்றிக் கையை எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருக்க. மேடையோ குழலோ தானே கீழிறங்கினால், படம் ஒருபோதும் நிலைத்து நில்லாது. பின்னர் நுண்திருகை இருபுறமும் திருப்புக. பழைய மசகு இறுகிப்போயிருந்தால் அது அசையாது. அறிந்தவர் கழற்றித் துடைத்துப் புதுமசகு இட்டால் இது தீரும். வலிந்து திருகினால் பல் உடையும். ஆதலின் பழுது பார்ப்பவர் அருகில் இருந்தால் மட்டும் அதனை வாங்குக.

இரண்டாவதாக, வில்லைகளைக் கழற்றிக் கைவிளக்கின் ஒளியில் பார்க்க. கண்ணருகு வில்லையைத் தலைகீழாகப் பிடித்தால் அதுவே நல்ல பூதக்கண்ணாடியாகும். அதைக்கொண்டு பொருளருகு வில்லையின் நுனியை நோக்கலாம். சிலந்திவலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூசணம். நம் மும்பை மாநகரின் நான்கு மாத மழைக்கு அது நெருங்கிய உறவு. கண்ணாடியையே அரித்துவிட்டால் எத்துடைப்பாலும் அது போகாது. துணியால் அழுத்தித் தேய்த்த கீறல்களும், முன்பு இட்ட எண்ணெய் உலர்ந்த கறையும் உள்ளனவா என்றும் காண்க.

மூன்றாவதாக, ஈச்சிறகை மேடையில் வைத்து நோக்குக. வட்டத்தில் ஒரு கறை தெரிகிறதா? கண்ணருகு வில்லையைச் சுழற்றுக. கறையும் உடன் சுழன்றால் அஃது அவ்வில்லையில் உள்ளது. சில்லை நகர்த்துக, கறையும் நகர்ந்தால் சில்லில் உள்ளது. இரண்டிற்கும் அசையாமல் நின்றால், பொருளருகு வில்லையிலோ ஒளி வரும் வழியிலோ உள்ளது எனக் கொள்க. அடுத்து, 10-இல் தெளிவாக்கிய பின் 40-ஐத் திருப்புக. நுண்திருகைச் சிறிது அசைத்த அளவில் படம் தெளிதல் வேண்டும். விளிம்பு முழுதும் ஒத்து மங்கினால் தாழ்வில்லை. ஒருபுறம் தெளிந்து மறுபுறம் மங்கினால், கருவி எங்கோ வளைந்தது, அல்லது விழுந்தது.

நான்காவது ஒளி. மேடைக்கு அடியில் குவிப்பியும், அதன்கீழ் இதழ் இதழாக விரிந்து சுருங்கும் ஒளித்திரையும் இருத்தல் வேண்டும். நீரில் வாழும் நுண்ணுயிர்கள் பல கண்ணாடி போன்றவை. திரையை அளவோடு சுருக்கினால்தான் அவற்றின் உருவம் எழுந்து தோன்றும். மின்விளக்கு எரியாவிடினும் கவலையில்லை. ஆடி ஒன்று இருந்தால் மேசை விளக்கே போதும்.

இருகண் குழல் உடைய பழைய கருவிகள் காண்பதற்குக் கம்பீரமானவை. எனினும் உள்ளே பட்டகம் இடம் பெயர்ந்திருந்தால் இரண்டு படங்களும் ஒன்று சேரா, தலைவலியே மிஞ்சும். ஒருகண் குழலில் அத்தொல்லை இல்லை.

நம் இரயில்வே அன்பர்க்கு எளிதில் விளங்கும் செய்தி ஒன்று. அகலப் பாதைப் பெட்டி மீட்டர் பாதையில் ஓடாது. வில்லைகளுக்கும் அவ்வாறே பாதைகள் உண்டு. 160 என்று குழல் நீளம் பொறித்த வில்லைகள் ஒரு பாதை. இந்நாளைய கருவிகள் பலவற்றில் முடிவிலிக் குறி பொறித்த வில்லைகள் வருகின்றன; அவை மற்றொரு பாதை. ஒன்றன் வில்லை மற்றொன்றில் திருகியேறினும் படம் செம்மையாக அமையாது. 160 மி.மீ. குழலும் இராயல் நுண்ணோக்கிக் கழகத்தின் மரையும் உடைய பழைய கருவிக்கு, உடைந்த வில்லைக்கு மாற்று எளிதில் கிடைக்கும். அம்பாலா என்றால் நமக்கு ஒரு சந்திப்பு நிலையம்; பள்ளி ஆய்வகங்களுக்கோ அது கருவிகள் செய்யும் ஊர். கல்லூரிகள் கழித்துவிடும் கருவிகளில் அவ்வூர்ச் சரக்கு மிகுதி. அவற்றுள் நல்லன உண்டு; சோதித்தே கொள்க. சோர் பஜாரில் பளபளக்கும் பித்தளைக் கருவி அலமாரிக்கு அழகு செய்யலாம். அழகுக்காகவே செய்யப்பட்டவையும் அங்குண்டு.

வாங்கியபின் காப்பதும் கடமை. வேட்டி நுனியால் வில்லையைத் துடைக்கற்க. முதலில் தூசியை ஊதி நீக்கிப் பின்னரே மென்தாளால் ஒற்றுக. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைக்க.

இவ்வளவுக்கும் பணமில்லாத வீடுகளும் நம்மிடை உண்டு. அவர்கள் தளர வேண்டா. மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் மனு பிரகாஷ், தம் மாணவருடன் சேர்ந்து, காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்டுஸ்கோப் என்னும் நுண்ணோக்கியை 2014-இல் வெளியுலகுக்கு அறிவித்தார். 140 மடங்கு காட்டும் அச்சிறு கருவி, பொய்யான 1200 மடங்கைவிட மெய்யானது.

காண்பதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. குடியிருப்பின் மதிற்சுவரில் மழைக்குப் படரும் பாசியைச் சில மணி நேரம் நீரில் ஊற வைத்துப் பிழிந்தால், எட்டுக் கால்களோடு தள்ளாடி நடக்கும் நீர்க்கரடி கிடைக்கக்கூடும். அது பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. குளத்து நீரின் நீர்த்தெள்ளில், உடல் வழியே இதயம் துடிப்பதை 40 மடங்கிலேயே காணலாம். பூந்தொட்டித் தட்டில் நெளியும் கொசுப்புழுவைப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிட்டால், தட்டைக் கவிழ்க்கும்படி நாம் சொல்ல வேண்டுவதில்லை.

முடிவாக ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு ஒரு கருவி என்பது நம் நிலைக்கு அரிது. சங்க நூலகத்தில் நல்ல பழைய நுண்ணோக்கி ஒன்று இருக்கட்டும். செலவைப் பகிர்ந்துகொள்வோம். மேற்சொன்ன சோதனைகளை மூவர் சென்று செய்வோம். ஞாயிறுதோறும் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கட்டும். பார்த்ததை வரைந்து, நாளிட்டு, தமிழில் இரண்டு வரி எழுதட்டும். தாய்மொழியில் எழுதிய துணி வணிகரை உலகம் ஏற்றது. நம் பிள்ளைகளின் குறிப்பேடுகளைச் சங்கமாவது முதலில் ஏற்கட்டும். பரணில் ஏறிய அப்பெட்டிக்கு உரிய சிறுமியே முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!