ரெக்கார்டு நோட்டில் ஒரு செம்பருத்தி

(பழைய மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1982-ல் தாவரவியலில் சேர்ந்தவன். 1985-ல் முடித்திருக்க வேண்டும், முடித்தது 1987-ல். நடுவில் எங்கே போனாய் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். மஞ்சள்காமாலை என்று சொல்லச் சொல்லி வீட்டில் உத்தரவு. நானும் அதையே சொல்லி வந்தேன். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது இருதுருவ மனநோய். நாற்பது வருஷமாக அதோடுதான் குடித்தனம்.

மூன்றாம் ஆண்டில், ஹாஸ்டலில் பத்து ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. களைப்பே தெரியவில்லை. உலகத்துச் செடிகொடிகளை எல்லாம் புதிதாக வகைப்படுத்தப் போகிறேன் என்று நள்ளிரவில் வார்டனை எழுப்பிச் சொன்னேன். அதே ஆள்தான் பிறகு பல் துலக்கக்கூடத் தெம்பில்லாமல் மூன்று மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். ஊரில் காத்து கருப்பு என்றார்கள், மந்திரித்தார்கள். கடைசியில் மாமா ஒருவர்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அறைத்தோழன் வந்தான். எப்படி இருக்கே என்று கேட்கவில்லை. பையிலிருந்து அவன் ரெக்கார்டு நோட்டை எடுத்தான். "டேய், நீ இல்லாம ஒரு படமும் முடியல. செம்பருத்தி மட்டுமாவது போட்டுக் குடுடா" என்றான். ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு நான்தான் படம் போட்டுக் கொடுப்பேன். கூலி ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி.

மருத்துவமனைத் தோட்டத்திலேயே செம்பருத்தி இருந்தது. பூவை நீளவாக்கில் பிளந்து வைத்துக்கொண்டு பென்சிலைப் பிடித்தேன். மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒரே குழாயாகச் சேர்ந்து சூலகத்தண்டைச் சுற்றி நிற்கும் அல்லவா, அதை வரைய ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரம் நான் நோயாளி இல்லை, தாவரவியல் மாணவன். எனக்குக் கிடைத்த முதல் நல்ல மணி நேரம் அதுதான்.

ஆனால், படம் வரைந்தே குணமாகிவிட்டேன் என்று நான் சொன்னால் அது பொய். எனக்குக் கொடுத்த மாத்திரை லித்தியம். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-ல் இந்த நோய்க்குப் பயன்படும் என்று எழுதிய மருந்து. ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். தாகம் எடுக்கும், சிலருக்குக் கை லேசாக நடுங்கும். எனக்கு நடுங்கியது. கோடு நேராக வரவில்லை. 1993-ல், "மருந்து என் கலையைக் கொல்கிறது" என்று நானே மாத்திரையை நிறுத்தினேன். வான்கோவுக்கும் மனநோய்தானே, அதனால்தானே மேதை ஆனார் என்று எனக்கு நானே வியாக்கியானம் வேறு.

விளைவு? புத்தகம் போடுகிறேன் என்று மனைவியின் ரெண்டு சங்கிலியும் அடகுக்குப் போயின. நாற்பத்தேழு நாள் மருத்துவமனை. அந்த வேகத்தில் நான் வரைந்த முந்நூறு படங்களைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட இலை இலையாக இல்லை.

வான்கோவைப் பற்றி அதன்பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். 1889 மே மாதம் பிரான்சில் சான்-ரெமி மனநலக் காப்பகத்தில் அவராகவே சேர்ந்தார். அங்கிருந்த ஓராண்டில் சுமார் 150 ஓவியங்கள் தீட்டினார். ஆனால் நோய் உச்சத்தில் இருந்தபோது வண்ணத்தையே விழுங்கப் பார்த்தார். வண்ணங்களை அவரிடமிருந்து எடுத்துவைக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் தெளிந்த நாட்களில்தான் வரைந்தார். நோய் அவருக்குக் கொடுத்ததைவிடப் பறித்ததுதான் அதிகம். ஜப்பானின் யாயோய் குசாமாவும் அப்படித்தான். 1977 முதல் விரும்பியே மனநல மருத்துவமனையில் தங்கி, பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போய் வேலை செய்து வந்தவர். மருத்துவமும் கலையும் அவருக்கு எதிரெதிர் வீடு அல்ல, அடுத்தடுத்த வீடு.

நானும் என் மருத்துவரிடம் நடுக்கத்தைப் பற்றி வாய்விட்டுச் சொன்னேன். ரத்தப் பரிசோதனை பார்த்து அளவைக் குறைத்தார். நான் தடித்த பென்சிலுக்கு மாறினேன். தினமும் ஒரு இலை. இன்றுவரை அதுதான் கணக்கு. அதில் இன்னொரு லாபமும் உண்டு. இலை தாளைவிட்டு வெளியே போக ஆரம்பித்தால், ஒரு நாளில் எட்டு இலை வந்தால், என் மனைவி நோட்டைப் பார்த்தே, "டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமே" என்பாள். ரெண்டு முறை அப்படித் தப்பித்திருக்கிறேன்.

தம்பி, தங்கைகளே, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையையும் அதன் ரகசியத்தையும் உங்கள் உரிமை ஆக்கியிருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. என் காலத்தில் இதெல்லாம் இல்லை. மஞ்சள்காமாலை என்று நீங்கள் பொய் சொல்ல வேண்டாம்.

உங்கள் அறையில் ஒருவன் தூங்காமல் இருந்தாலோ, எழுந்திருக்காமலே கிடந்தாலோ, புத்தி சொல்லாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பிறகு அவனுக்குத் தெரிந்த ஒரு வேலையை அவனிடமே கொண்டுபோய்க் கொடுங்கள்.

அந்த ரெக்கார்டு நோட்டுக்காரன் இப்போது மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். செம்பருத்திக்குக் கூலி இன்னும் பாக்கி. விழா முடிந்ததும் கேண்டீனில் வசூல் செய்துகொள்கிறேன்.