கைப்பேசியும் கேள்வியும்



வானொலி நிலையத்தின் சிறியதோர் அறையில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசுகிறேன். எதிரே ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கப்பால் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களை நான் காண இயலாது. நீங்கள் தலையசைத்தாலும் எனக்குத் தெரியாது. கொட்டாவி விட்டாலும் தெரியாது. விளங்கவில்லை என்று நீங்கள் கை தூக்கினால் அந்தக் கை என் கண்ணில் படாது. கைப்பேசியும் இணையமும் கல்விக்கு எவ்வாறு துணைசெய்கின்றன என்பது பற்றிப் பேச வந்த எனக்கு இந்த அறையே முதல் எடுத்துக்காட்டாக வாய்த்தது.

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அறிந்தோர் சொல்லச் செவியால் கேட்டு அறிவது கேள்வி. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்து வரும் கேள்வி அதிகாரம் இப்பொருளில் அமைந்ததே. இனி, வினவுதலும் கேள்வியே. கற்றலுக்கு இரண்டும் வேண்டும். முன்னதைக் கருவி எளிதில் தந்துவிடுகிறது. பின்னதைத் தருகிறதா?

தமிழ்நாட்டில் நிகழ்ந்ததையே பார்ப்போம். 2018-ஆம் ஆண்டு வெளிவந்த புதிய பாடநூல்களின் பக்கங்களில் கறுப்பும் வெள்ளையுமாய்ச் சிறு கட்டங்கள் நிறைந்த சதுரக் குறியீடு அச்சிடப்பட்டது. கைப்பேசியை அதன்மேல் காட்டினால் அப்பாடத்திற்குரிய காணொலி திரையில் விரியும். 2019 ஆகஸ்டு 26-ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. இவை பள்ளிக்குத் துணையாக எண்ணப்பட்டவை. ஆனால் 2020 மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயால் பள்ளிகள் அடைபட்டபோது, துணையாக வந்தவையே பள்ளியின் இடத்தில் நிற்க நேர்ந்தது. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குப் பள்ளிக் கதவு மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் நாளன்றுதான்.

அந்நாள்களில் பல வீடுகளில் கைப்பேசி ஒன்றே இருந்தது. படிக்கும் பிள்ளைகளோ இருவர், மூவர். தந்தை வேலைக்குப் போகையில் அதுவும் அவருடைய சட்டைப் பையில் சென்றுவிடும். இரவு அவர் திரும்பிய பின் அண்ணன் முதலில் பார்ப்பான். தங்கையின் முறை வரும்போது மின்னூட்டம் தீர்ந்திருக்கும், அல்லது அன்றைய இணைய அளவு முடிந்திருக்கும். 2017–18-இல் எடுக்கப்பட்ட நாட்டு மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியச் சிற்றூர்களில் நூற்றுக்குப் பதினைந்து வீடுகளில்தான் இணைய வசதி இருந்தது. இவ்வேற்றத்தாழ்வைக் கருவி உண்டாக்கவில்லை. ஆயினும் அது வீட்டின் பழைய வழக்கங்களோடு சேர்ந்துகொண்டு, யார் படிப்பது, யார் காத்திருப்பது என்று தீர்மானித்துவிட்டது.

இழப்பு எவ்வளவு? தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைப் பொருளியல் அறிஞர் சிலர் ஆராய்ந்தனர். 2021 டிசம்பரில் அக்குழந்தைகள், நோய்க்காலத்துக்கு முன்பு அதே வயதில் இருந்தோரைவிடப் பெரிதும் பின்தங்கியிருந்தனர். மொழியைவிடக் கணிதத்தில் இழப்பு மிகுதி. ஆறு திங்களில் அவ்விழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டது என்பது ஆறுதலான செய்தி. அம்மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தால் வந்தது என்று அவர்கள் கணித்தனர். 2021 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர் சேர்ந்தனர். பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். மாலைப் பொழுதில் திண்ணையிலோ பொது இடத்திலோ சில பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தனர். செயற்கைக்கோளும் இணையமும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத ஏதோ ஒன்றை அவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தனர் அன்றோ? பிள்ளை விழிப்பதைப் பார்த்து, "எங்கே தவறினாய், காட்டு" என்று கேட்க அங்கே ஒருவர் இருந்தார்.

அப்படியானால் கருவியால் பயனில்லை என்று சொல்லிவிடலாமா? அது அவசரத் தீர்ப்பாகும். இரு வேறு நாடுகளில் நடந்த இரு சோதனைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு கணினி என்று அரசு வழங்கியது. சிற்றூர்களிலுள்ள 319 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட அறிக்கை, கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி உயரவில்லை என்று கூறியது. கணினி கைக்கு வந்தது. பாடம் நடந்த முறை மாறவில்லை.

தில்லியிலோ 2015-இல் வேறு வகையாக நடந்தது. பள்ளி நேரத்துக்குப் பின் பிள்ளைகள் ஒரு நிலையத்துக்கு வந்தனர். இடம் பெற்றவர் யார் என்பது சீட்டுக் குலுக்கி முடிவு செய்யப்பட்டது. பாதி நேரம் கணினி முன். பாதி நேரம் ஓர் ஆசிரியரோடு சிறு குழுவில். கணினி முதலில் தேர்வு வைத்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருப்பது தெரிந்தது. மூன்றாம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் சிறுவனுக்கு ஆறாம் வகுப்புக் காணொலியை எத்தனை முறை காட்டி என்ன பயன்? அக்கருவி அவன் நிற்கும் படியிலிருந்தே வினாக்களைத் தொடங்கியது. விடை தவறினால் தவற்றின் தன்மைக்கேற்ப அடுத்த வினாவை அமைத்தது. நாலரைத் திங்களில், இடம் கிடைக்காத பிள்ளைகள் கணிதத்தில் அடைந்த முன்னேற்றத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலாக இவர்கள் அடைந்தனர். அருகில் ஆசிரியரும் இருந்தார் என்பதை மறந்துவிடக்கூடாது.

பெருவில் கணினி கைக்கு வந்தும் எதையும் கேட்கவில்லை. தில்லியில் கேட்டது, விடைக்கும் காத்திருந்தது. வேறுபாடு இதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கையிலுள்ள கைப்பேசி தானே கேட்காவிட்டால், கேட்கும் வேலையை நீங்கள் செய்யலாம். முக்கோணத் தேற்றம் ஒன்றைக் காணொலியில் விளக்குகிறார்கள் என்று கொள்ளுங்கள். முதல் இரண்டு வரி முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். தாளை எடுத்து மூன்றாம் வரியை நீங்களே எழுதிப் பாருங்கள். பிறகு ஓடவிட்டு ஒப்பிடுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் விளங்கியதுபோல்தான் இருக்கும். தாளில் எழுதும்போதுதான் கை நிற்கும் இடம் தெரியும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் போங்கள். "ஒன்றும் புரியவில்லை, ஐயா" என்பதைவிட, "இந்த நான்காம் வரி எப்படி வந்தது, ஐயா?" என்று கேட்கும் மாணவனுக்கு அவர் இரண்டு நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார். வீட்டில் கைப்பேசி ஒன்றே இருந்தால், நிறுத்தி எழுதும் அந்நேரத்தில் அதைத் தங்கையிடம் கொடுக்கலாம். அவளுக்கும் நாளைக்குப் பாடம் இருக்கிறது.

எனக்குத் தந்த நேரம் முடிகிறது. இப்பேச்சில் விளங்காத இடமோ, ஒப்புக்கொள்ள முடியாத இடமோ இருப்பின் நிலையத்தின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். எந்த இடம் என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.