ஆக்கிரமித்தவர் யார்?

(செயல்வீரர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

ஆற்றங்கரையிலே குடிசை போட்டு வாழ்பவனை 'ஆக்கிரமிப்பாளன்' என்று எழுதி வைத்திருக்கிறது அரசாங்க ஏடு. அவன் பிடித்திருப்பது பத்தடி இடம்; படுத்தால் கால் நீட்ட முடியாத இடம். ஆயிரக்கணக்கான ஏக்கர் சதுப்பு நிலத்தை மண்கொட்டி மூடியவர்களுக்கு மட்டும் வேறு பெயர். 'முதலீட்டாளர்' என்றும் 'நகரத்தை வளர்ப்போர்' என்றும் அவர்களை அழைக்கிறார்கள். குடிசைக்காரனுக்கு இயந்திரம் வருகிறது. கோடீசுவரனுக்கு மாலை வருகிறது. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. 1960களில் ஏறத்தாழ 5,500 ஹெக்டேர் பரப்பில் அது விரிந்து கிடந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று எஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பகுதியே.

அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை, தோழர்களே! சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்குப் பின் ஏரியாகச் சங்கிலி கோத்திருந்தார்கள் நம் முன்னோர். ஓர் ஏரி நிரம்பினால் மறு ஏரிக்கு நீர் போகும்; எல்லாம் நிரம்பினால் பள்ளிக்கரணை வாங்கிக்கொள்ளும். வாங்கிய வெள்ளத்தை அது உடனே உமிழ்ந்துவிடாது. தேக்கி, நிலத்தடிக்குக் கொடுத்து, மிச்சத்தை ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்பும். அங்கிருந்து கோவளம் பக்கம் கடலுக்குப் போகும். கூலி கேளாமல் உழைத்த தொழிலாளி அந்த நிலம்!

அதைத்தான் 'புறம்போக்கு' என்றார்கள். வரிவிதிப்புக்குப் புறம்பானது என்பதே அச்சொல்லின் பொருள். காலப்போக்கில் எதற்கும் உதவாதது என்று பொருளை மாற்றினார்கள். மனிதனை ஏசும் வசைச்சொல்லாகவும் ஆக்கினார்கள். வரி தராத நிலம் வாழ்வு தராத நிலம் ஆகிவிடுமா? மாடு மேய்ந்தது அங்கே. கோரை அறுத்தார்கள் அங்கே. மீன் பிடித்தார்கள் அங்கே. கருவூலத்திற்குக் காசு வரவில்லை என்பதால் ஏழையின் வயிற்றுக்கும் எதுவும் வரவில்லை என்று முடிவு கட்டினார்கள்.

பெருங்குடிப் பக்கம் மாநகரின் குப்பை மலையாக எழுந்தது. குறுக்கே அகன்ற சாலைகள் போடப்பட்டன. அரசு நிறுவனங்களே வளாகம் அமைத்தன. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் கண்ணாடி மாளிகைகள் எழும்பின. 2011இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. நெல் விளைந்த வயலில் மனைக்கல் முளைத்தது. உழுதவனின் மகன் அந்த மண்ணிலே எழுந்த மாளிகையின் வாயிலில் காவலுக்கு நிற்கிறான். முத்திரைத்தாளும் ஒப்புதல் உத்தரவும் கையில் இருக்க, பட்டப்பகலில் நடந்த ஆக்கிரமிப்பு இது!

தண்ணீர் பத்திரம் படிக்காது. 2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கி ஒரு பகல் ஓர் இரவுக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வழி அடைபட்ட வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. இதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த ஏழைகளை அப்புறப்படுத்திப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். முன்னரே கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பியதைப் போலத்தான்! வெள்ளத்திலிருந்து காப்பதாகக் கூறி, வெள்ளம் வந்து தங்கும் தாழ்நிலத்திலேயே குடியமர்த்தினார்கள். வேலை செய்த வீதி தொலைவில்; பிள்ளை படித்த பள்ளி தொலைவில்; தண்ணீர் மட்டும் பக்கத்தில்!

"மனிதனுக்கே இடமில்லை, பறவைக்கு இடமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நம் தோழர்களிலும் சிலர் கேட்கிறார்கள். பூநாரையும் கூழைக்கடாவும் நீலத்தாழைக்கோழியும் எவன் வீட்டையும் பறிக்கவில்லை. பூநாரை நிற்க ஆழமில்லாத நீர் வேண்டும். இலைக்கோழி நடக்க நீர்மேல் இலை வேண்டும். அவை அங்கே வாழ்கின்றன என்றால் அந்த நிலம் இன்னும் வேலை செய்கிறது என்று பொருள். பறவையை விரட்டும் மண்லாரிதான் நாளை வெள்ளத்தை உன் வாசலுக்குத் திருப்பிவிடுகிறது. பறவையின் பகைவனும் பாட்டாளியின் பகைவனும் ஒருவனே!

"வீடு வேண்டாமா?" என்றும் கேட்கலாம். வேண்டும்! கட்டாயம் வேண்டும்! மேட்டு நிலத்தில் வேண்டும்; வேலைக்குப் போய்வரும் தூரத்தில் வேண்டும். நகரின் நடுவே இருக்கும் அரசு நிலம் வணிகத்துக்கு, சதுப்பின் ஓரம் ஏழைக்கு என்று பங்கு பிரிப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

2007இல் சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் அறிவிப்புப் பலகை அணை கட்டாது; எல்லைக்கல் தானே நடந்து வந்து நிற்காது. மக்கள் காவல் நிற்காத சட்டம் காகிதமே.

ஆகவே, தோழர்களே, உங்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்க் கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். ஏரி எது, வாய்க்கால் எது, மேய்க்கால் எது என்று நடந்து பாருங்கள். ஏட்டில் நீர் இருந்து தரையில் சுவர் இருந்தால், பொதுக்கூட்டம் போட்டுச் சொல்லுங்கள். மாற்று வீடு அருகிலே தராமல் எந்தக் குடிசையைப் பிரிக்க வந்தாலும் குறுக்கே நில்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்; கசந்தாலும் சொல்வேன். எந்தக் கட்சியின் கொடியானாலும், அதன் நிழலில் நின்று ஏரி நிலத்தை மனைபோட்டு விற்கும் தரகன் இருக்கக்கூடும். அவன் நம் கொடியின் கீழ் இருந்தால், முதலில் அவனை இறக்குங்கள். பிறகு எதிரியின் மேடையை நோக்கிக் கேள்வி கேட்போம். அந்தத் துணிவு இல்லாத இயக்கத்தின் பேச்சை மக்கள் கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது.

ஆக்கிரமித்தவர் யார் என்ற கேள்விக்கு விடை வரைபடத்தில் இருக்கிறது. அதை விரித்து வைத்து ஊராரை அழையுங்கள். அடுத்த மழைக்கு முன் அழையுங்கள்!