ஏரி காத்த நாடும் ஏரி தூர்த்த நகரும்



ஆங்கில வணிகர் 1639-இல் நிலம்பெற்ற பின்னரே சென்னை பெருநகராய் வளர்ந்தது. அதனைச் சூழ்ந்த தொண்டைநாடோ மிகப் பழையது. அதிரம்பாக்கத்துக் கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டுத் தொன்மையுடையன என்பது ஆய்வாளர் முடிவு.

ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு அந்நாட்டிற்கு இல்லை. பாலாறு பெரும்பாலும் மணலாறே. ஆதலின் ஐப்பசி, கார்த்திகை மழையை அம்மக்கள் ஏரிகளில் தேக்கினர். தேக்கியதைக் காக்கவும் அறிந்தனர். ஏரிவாரியத்திற்கு ஆண்டுதோறும் அறுவரைக் குடவோலையால் தேர்ந்த முறையை உத்தரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) கூறும். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் அதில் இடமில்லை!

இன்றும் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகளின் நீரைச் சென்னை பருகுகிறது. ஆயினும், மாம்பலம் ஏரியைத் தூர்த்தே 1920-களில் தியாகராயநகர் எழுந்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதியும் பின்னர் மறைந்தது.

விளைவு யாது? 2015-இல் வெள்ளத்தில் மூழ்கிய அதே நகர், 2019-இல் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் வரவழைத்தது. இடைப்பட்டவை நான்கே ஆண்டுகள்!

கல்வெட்டைப் போற்றினால் மட்டும் போதுமா? எஞ்சிய ஏரிகளையேனும் காக்க ஊர்தோறும் ஏரிவாரியம் எழுக! கணக்குக் கேட்கும் துணிவும் உடன் எழுக!